வலி மாத்திரையும் இரைப்பைப் புண்ணும்: சாப்பிட்டுவிட்டுப் போட்டால் போதுமா?

#1 · மருந்தாளர்_திருச்சி

டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் கேட்டு மருந்துக் கடைக்கு வருகிறவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இவைதான். "சாப்பிட்டுட்டுதான் போடுறேன், ஒண்ணும் ஆகாது." "கூடவே ஒரு கேஸ் மாத்திரை குடுத்துடுங்க." "ஊசியா போட்டுக்கிட்டா வயித்துக்குப் போகாதுல்ல?" "எனக்கு வயிறு எரியவே இல்ல, அப்புறம் எப்படிப் புண்ணு வரும்?"

நான்குக்கும் அடியில் ஒரே எண்ணம்தான் இருக்கிறது: மாத்திரை விழுந்த இடத்தைச் சுடுகிறது, அந்த இடத்தில் சோறு இருந்தால் சுடாது என்று. இந்த எண்ணம்தான் ஆட்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறது. சேதத்தின் பெரும்பங்கு இரத்தத்தின் வழியாக வருகிறது.

இரைப்பைக்குள் இருக்கும் அமிலத்தின் பிஎச் 1 முதல் 2 (எண் குறையக் குறைய அமிலம் கடுமை, 7 என்றால் நடுநிலை). அதே இரைப்பையின் உட்சவ்வை ஒட்டிய இடத்தில் பிஎச் கிட்டத்தட்ட 7. நடுவில் இருப்பது ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய சளிப்படலமும் அதற்குள் ஊறும், அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட்டும்தான். அந்தச் சளியையும் பைகார்பனேட்டையும் சுரக்கச் சொல்வது, சவ்வுக்கு இரத்த ஓட்டத்தைக் குறையாமல் வைப்பது, தேய்ந்த செல்களுக்குப் பதில் புதிய செல்களை வளர்ப்பது எல்லாம் புராஸ்டாகிளாண்டின்கள் என்ற, உடலே தயாரிக்கும் வேதிப்பொருட்களின் வேலை. முழங்காலில் வீக்கத்தையும் வலியையும் கிளப்புவதும் அதே குடும்பம்தான். வலி மாத்திரை அதைத் தயாரிக்கும் நொதியை அடைக்கும்போது முழங்காலில் வலி குறைகிறது, வயிற்றில் காவல் குறைகிறது.

மற்றவர்கள் அவரவர் பக்கத்திலிருந்து சேர்த்தால் நல்லது.

#2 · குடல்நோக்கி

நல்ல தொடக்கம். ஒன்றை மட்டும் திருத்திச் சேர்க்கிறேன். தொட்ட இடத்தில் சேதமே இல்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆஸ்பிரின் ஒரு பலவீனமான அமிலம். இரைப்பை அமிலத்துக்குள் அது மின்னேற்றம் இல்லாத வடிவில் இருப்பதால் செல்லின் வெளிச்சவ்வைச் சுலபமாகக் கடந்துவிடும். செல்லுக்குள் பிஎச் 7 என்பதால் அங்கே மின்னேற்றம் பெற்று, வெளியே வர முடியாமல் மாட்டிக்கொள்ளும். சேரச் சேர செல் சிதையும். ஆஸ்பிரின் போட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் எண்டோஸ்கோபி செய்தால் உட்சவ்வில் சிவப்புப் புள்ளிகளாக இரத்தக்கசிவு தெரிவது இதனால்தான். 1938லேயே லண்டனில் டௌத்வெயிட், லின்டாட் என்ற இரு மருத்துவர்கள் இரைப்பைநோக்கி வழியாக ஆஸ்பிரின் சிராய்ப்புகளைப் பார்த்து எழுதிவிட்டார்கள்.

ஆனால் இந்தச் சிராய்ப்புகளில் பெரும்பாலானவை மேலோட்டமானவை, சில நாட்களில் சவ்வு தானாகச் சமாளித்துக்கொள்ளும். ஆளைக் கொல்லக்கூடியது அதற்கு அடுத்த கட்டம்: சவ்வைத் தாண்டி, தசை வரை இறங்கி, இரத்தக்குழாயைத் தொடும் உண்மையான அல்சர். அதுதான் நீங்கள் சொன்ன புராஸ்டாகிளாண்டின் வழியில் வருவது. இரைப்பையின் கீழ்ப்பகுதியில்தான் அதிகம் பார்க்கிறோம், முன்சிறுகுடலிலும் வரும்.

#3 · வேதியியல்_வாத்தியார்

ஆஸ்பிரின் 1899ல் சந்தைக்கு வந்தது. அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிய 1971 வரை ஆனது. அந்த ஆண்டில்தான் ஜான் வேன், அது புராஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கிறது என்று காட்டினார், 1982ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வலியைக் குறைப்பதும் வயிற்றைக் கெடுப்பதும் ஒரே செயலின் இரு விளைவுகள் என்பது அப்போதுதான் புரிந்தது.

இதைப் பிடித்துக்கொண்டால் கடைவாசல் கேள்விகளுக்கு விடை தானாக வரும். ஊசி தசைக்குள் போனாலும் இரத்தத்துக்கு வந்து, அங்கிருந்து இரைப்பைச் சவ்வுக்கும் வந்து, அதே நொதியை அடைக்கும். ஆசனவாயில் வைக்கும் மருந்துக்கும் இதே கதை. குடலில் போய்க் கரையும்படி பூச்சுப் பூசிய ஆஸ்பிரின் 75 மி.கி. வயிற்றில் கரையாது என்பது உண்மை. அதனால் சிராய்ப்பு குறையலாம், அல்சர் இரத்தக்கசிவு குறைந்ததாகக் காட்ட முடியவில்லை. சாப்பாடும் அப்படித்தான்: குமட்டல், எரிச்சல் குறையும், அல்சரைத் தடுக்காது. சாப்பிட்டபின் போடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. அதைக் கவசம் என்று நம்பி மாதக்கணக்கில் போடுவதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன்.

ஆஸ்பிரினுக்கு மட்டும் இன்னொரு தனிக்குணம் உண்டு. மற்ற மாத்திரைகள் நொதியைச் சில மணி நேரம் பிடித்துவிட்டு விட்டுவிடும். ஆஸ்பிரின் நிரந்தரமாகப் பூட்டிவிடும். இரத்தத்தை உறையவைக்கும் இரத்தத் தட்டுகளுக்கு (பிளேட்லெட்) உட்கரு இல்லை, புது நொதி செய்துகொள்ள முடியாது. தட்டின் ஆயுள் 7 முதல் 10 நாள், அதுவரை அது முடங்கியதுதான். எனவே புண்ணும் வரும், வந்த புண்ணில் இரத்தம் உறைவதும் தாமதமாகும்.

#4 · பாமசி_மட்டக்களப்பு

எங்கட பக்கத்தில "பனடோலும் வலிக் குளிசைதானே, அதுவும் வயித்தைப் புண்ணாக்குமோ?" எண்டு கனபேர் கேக்கிறவை. பனடோல் பரசிட்டமோல். அது இந்தக் குடும்பத்தில சேராது. இரைப்பையில இருக்கிற நொதியை அது வழக்கமான அளவில பெரிசா அடைக்காது. அதால வயிற்றுப்புண் பயம் உள்ளவைக்கு முதல் தெரிவு அதுதான்.

அளவு முக்கியம். 500 மி.கி. குளிசை ஒண்டோ ரெண்டோ, 4 தொடக்கம் 6 மணித்தியாலத்துக்கு ஒருக்கா, 24 மணித்தியாலத்தில 8 குளிசைக்கு மேல வேண்டாம், அதாவது 4 கிராம். 50 கிலோவுக்குக் குறைந்த ஆக்கள், சாராயம் கூடக் குடிக்கிறவை, ஈரல் வருத்தக்காரர் இன்னும் குறைக்கோணும், மருத்துவரைக் கேட்டு. இதில கேடு வயித்துக்கு இல்லை, ஈரலுக்கு.

டெங்கு காலத்தில இன்னும் கவனம். காய்ச்சல் எண்டு இபுபுரூபன், டைக்ளோபெனாக், மெபனாமிக் அசிட், அஸ்பிரின் ஒண்டும் குடுக்கக் கூடாது. இரத்தத் தட்டு விழுகிற நேரம் இரைப்பையில கசிவும் சேர்ந்தால் நிலைமை கையை மீறும். பரசிட்டமோல் மட்டும். காய்ச்சல் வந்த பிள்ளைக்கு அஸ்பிரின் எந்தக் காலத்திலயும் இல்லை.

#5 · மருந்தாளர்_திருச்சி

நன்றி அண்ணா. பெயர்க் குழப்பம் இங்கேயும் அதே அளவுக்கு உண்டு, இது கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது. அட்டையின் முன்பக்கத்தில் இருக்கும் பெரிய எழுத்தைப் படித்துப் பயனில்லை, பின்பக்கச் சிறு எழுத்தில் கலவையைப் பாருங்கள்.

காம்பிஃப்ளாம் என்றால் இபுப்ரோஃபென் 400 மி.கி.யும் பாராசிட்டமால் 325 மி.கி.யும். ஜீரோடால் பி என்றால் அசிக்ளோஃபெனாக் 100, பாராசிட்டமால் 325. மெஃப்டால் ஸ்பாஸ் என்றால் மெஃபெனாமிக் அமிலம் 250, டைசைக்ளோமின் 10. மாதவிடாய் வலிக்கு வாங்கும் பலருக்கு இதுவும் அதே குடும்பம் என்று தெரியாது. மாதம் இரண்டு மூன்று நாள் போடுகிற இளம்பெண்ணுக்கு ஆபத்து குறைவு. ஏற்கெனவே அல்சர் இருந்தவருக்கு அப்படிச் சொல்ல முடியாது.

நடப்பது இதுதான். மூட்டுக்கு எலும்பு மருத்துவர் எழுதிய அசிக்ளோஃபெனாக் கலவை காலை ஒன்று இரவு ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். நடுவில் பல்வலி வரும், பல் மருத்துவர் டைக்ளோஃபெனாக் எழுதுவார். தலைவலிக்கு வீட்டு டப்பாவிலிருந்து காம்பிஃப்ளாம். மூன்று பெயர், மூன்று நிறம், ஒரே வேலை. வலி நிவாரணம் ஓரளவுக்கு மேல் ஏறாது, புண் வாய்ப்பு மட்டும் ஏறும். ஒரு நேரத்தில் இந்தக் குடும்பத்திலிருந்து ஒன்றுதான். இரண்டாவது மருந்துச் சீட்டோடு வருபவரிடம் "வீட்ல வேற என்ன மாத்திரை போய்க்கிட்டு இருக்கு?" என்று கேட்காமல் கொடுக்கக் கூடாது என்பது கடைக்காரர்களான எங்களுக்கும் சேர்த்துத்தான்.

#6 · வார்டு_செவிலி

"வயிறு எரியல" என்பதற்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை. வலி மாத்திரையால் வரும் புண்ணில் கணிசமானவை வலியே காட்டாது. மருந்தே வலியை மறைத்துவிடுகிறது, வயதானவர்களிடம் இன்னும் அதிகம். முதல் அறிகுறியே இரத்தக்கசிவாக இருக்கும்.

பார்க்க வேண்டியவை: தார் போலக் கறுத்து, பிசுபிசுவென்று ஒட்டி, தனியாக ஒரு கெட்ட வாடையோடு போகும் மலம். காபித் தூளைக் கரைத்த மாதிரி வாந்தி, அல்லது நேராகச் சிவப்பு இரத்தம். எழுந்து நின்றால் தலைசுற்றல், சில்லென்ற வியர்வை, நாடித்துடிப்பு வேகம். இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், மறுநாள் காலை வரை காத்திருக்கக் கூடாது. வயிறு திடீரென்று பலகை மாதிரி இறுகி, அசைந்தாலே உயிர் போகிற வலி என்றால் புண் ஓட்டையாகியிருக்கலாம், அதுவும் உடனடி.

சத்து மாத்திரை என்று இரும்புச்சத்து போடுகிறவர்களுக்கும் மலம் கறுக்கும். அது கரும்பச்சையாக, கெட்டியாக இருக்கும், அந்தப் பிசுபிசுப்பும் வாடையும் இருக்காது. சந்தேகம் என்றால் காட்டிவிடுவதே சரி. போகும்போது போட்ட எல்லா அட்டைகளையும் ஒரு கவரில் எடுத்துப் போங்கள். "ஏதோ வெள்ளை மாத்திரை" என்று சொன்னால் மருத்துவருக்கு எதுவும் விளங்காது.

#7 · கேள்விக்குறி_மதுரை

அப்படியானால் யார் வலி மாத்திரை போட்டாலும் கூடவே அமிலத்தைக் குறைக்கும் பான்டாப்ரசோல் போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? எல்லாச் சீட்டிலும் அப்படித்தானே எழுதுகிறார்கள்?

#8 · குடல்நோக்கி

இல்லை. வேண்டியவருக்குப் போகாமல், வேண்டாதவருக்குப் போகிறது. முப்பது வயதில், வேறு நோயில்லாத ஒருவர் கணுக்கால் சுளுக்குக்கு மூன்று நாள் இபுப்ரோஃபென் 400 மி.கி. போடுவதற்கு அமிலக் குறைப்பு மருந்து அவசியமில்லை. கட்டாயம் வேண்டியவர்கள் வேறு. முன்பு அல்சர் வந்தவர், அதிலும் இரத்தம் கசிந்தவர், ஆபத்துப் பட்டியலின் உச்சியில் இருக்கிறார். அதன்பின் 65 வயதைத் தாண்டியவர், வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமைக்கான மருந்து எடுப்பவர், இரத்தத் தட்டுகளை முடக்கும் ஆஸ்பிரினோ குளோபிடோக்ரெலோ எடுப்பவர், பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு எடுப்பவர், மனச்சோர்வுக்கு செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் எடுப்பவர். ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் சேர்வதன் கனத்தைச் சொல்ல 1991ல் அமெரிக்க முதியவர்களிடம் செய்த ஓர் ஆய்வு போதும்: இரண்டும் எடுக்காதவரோடு ஒப்பிட்டால் அல்சர் ஆபத்து ஏறக்குறைய 15 மடங்கு.

எடுக்கும் முறையும் பிசகுகிறது. பான்டாப்ரசோல் 40 மி.கி. காலை உணவுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்னால் போட வேண்டும். சாப்பாட்டைப் பார்த்து விழித்துக்கொள்ளும் அமிலப் பம்புகளைத்தான் அது பூட்டும். சாப்பிட்டு முடித்து வலி மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் பாதி வீண். அதோடு வலி வந்த நாளில் மட்டும் போட்டும் பயனில்லை, வலி மாத்திரை ஓடும் எல்லா நாளும் ஓட வேண்டும். குளோபிடோக்ரெல் எடுப்பவருக்கு ஒமிப்ரசோல், எசோமிப்ரசோல் தவிர்த்து பான்டாப்ரசோல் தருகிறோம், முன்னவை இரண்டும் குளோபிடோக்ரெல் உடலில் செயல்வடிவம் பெறுவதைக் குறைக்கும்.

நீலம், இளஞ்சிவப்பு நிறத்தில் பாட்டிலில் வரும் ஜெலுசில் வகை எரிச்சலை அடக்கும், புண்ணைத் தடுக்காது. எரிச்சலையும் மறைத்துவிடுவதால் ஒருவகையில் கூடுதல் ஆபத்து. ரானிடிடின் 150 மி.கி. இருவேளை என்ற பழைய வழக்கம் முன்சிறுகுடல் புண்ணைத் தடுத்தது, இரைப்பைப் புண்ணைத் தடுக்கவில்லை.

#9 · மருந்தாளர்_திருச்சி

குடல்நோக்கி டாக்டர் சொன்னதோடு ஒன்று: கேஸ் மாத்திரை என்று கேட்டால் பெரும்பாலும் பான்டாப்ரசோலோடு டொம்பெரிடோன் என்ற குமட்டல் மருந்தும் சேர்ந்த கேப்ஸ்யூல்தான் கைக்கு வருகிறது. புண் தடுப்புக்கு டொம்பெரிடோன் எதுவும் செய்யாது. இதயத் துடிப்புக் கோளாறு உள்ள முதியவருக்கு அது தனி ஆபத்து. தனி பான்டாப்ரசோலாகக் கேட்டு வாங்குங்கள்.

#10 · வேதியியல்_வாத்தியார்

வயிற்றைத் தொடாத வலி மாத்திரை என்று காக்ஸிப்கள் வந்ததையும் பேசியாக வேண்டும். நொதியில் இரண்டு வகை. காக்ஸ்-1 இரைப்பையைக் காப்பது, காக்ஸ்-2 வீக்கத்தில் கிளம்புவது. இரண்டாவதை மட்டும் அடைத்தால் வயிறு பிழைக்கும் என்ற கணக்கு சரியாகவே இருந்தது, புண் உண்மையாகவே குறைந்தது. இடித்தது இதயத்தில். ரோஃபெகாக்ஸிப் மாரடைப்பைக் கூட்டுவது தெரிந்து 2004 செப்டம்பரில் உலகம் முழுதும் திரும்பப் பெறப்பட்டது. செலகாக்ஸிப், எட்டோரிகாக்ஸிப் இன்றும் இருக்கின்றன. மாரடைப்போ பக்கவாதமோ வந்தவருக்கு இவை ஏற்றவையல்ல. டைக்ளோஃபெனாக்கும் அப்படித்தான், அது காக்ஸ்-2 பக்கம் சாய்ந்த மருந்து என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பழைய மருந்துகளுக்குள்ளும் ஏற்றத்தாழ்வு உண்டு. ஒரு நாளில் 1200 மி.கி.க்குள் இபுப்ரோஃபென் இருப்பதிலேயே குறைந்த ஆபத்து. நாப்ராக்ஸன் இதயத்துக்குப் பரவாயில்லை, வயிற்றுக்குக் கொஞ்சம் கடினம். பிராக்ஸிகாம் இரத்தத்தில் நாட்கணக்கில் தங்குவது, வயிற்றுக்கு மோசமான வரிசையில் இருப்பது. கீட்டோரோலாக் அதைவிட மோசம். கரையும் மாத்திரையாகப் பல்வலிக்கு எழுதப்படுவது இதுதான், ஊசியும் மாத்திரையும் சேர்த்து 5 நாளைத் தாண்டவே கூடாது.

#11 · கேள்விக்குறி_மதுரை

இதயத்துக்கு எகோஸ்பிரின் 75 (ஆஸ்பிரின்தான்) எடுக்கும் அப்பா வயதுக்காரர்கள் இதையெல்லாம் படித்தால் பயந்து நிறுத்திவிடுவார்களே?

#12 · குடல்நோக்கி

அதை அழுத்திச் சொல்ல வேண்டும்: ஸ்டென்ட் வைத்தவர், மாரடைப்பு வந்தவர் ஆஸ்பிரினைத் தானாக நிறுத்தக் கூடாது. இரத்தம் கசிந்து சேர்க்கப்பட்டவருக்கே, எண்டோஸ்கோபியில் கசிவை அடைத்தபின், இதய மருத்துவரோடு பேசி ஓரிரு நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் ஆஸ்பிரினைத் திரும்பத் தொடங்குகிறோம், பான்டாப்ரசோலோடு. நிறுத்தியே வைத்தால் வயிறு தப்பும், இதயம் தப்பாது. மாறாக, இதய நோயே இல்லாமல் "முன்னெச்சரிக்கைக்கு" என்று அறுபது எழுபது வயதில் ஆஸ்பிரினைத் தானாகத் தொடங்குபவருக்குப் பெரும்பாலும் கசிவு ஆபத்துதான் மிஞ்சும்.

இதயத்துக்கு ஆஸ்பிரின் எடுப்பவர்களுக்கு இபுப்ரோஃபென் தேவைப்பட்டால் நேரமும் பார்க்க வேண்டும். இபுப்ரோஃபென் முதலில் போனால் ஆஸ்பிரின் உட்காரும் இடத்தை மறைத்துவிடும், இதயப் பாதுகாப்பு போய்விடும். பூச்சில்லாத ஆஸ்பிரினைப் போட்டு 30 நிமிடமாவது கழித்து இபுப்ரோஃபென், அல்லது இபுப்ரோஃபென் போட்டு 8 மணி நேரம் கழித்து ஆஸ்பிரின். பூச்சுப் பூசியதற்கு இந்தக் கணக்கு நம்பகமில்லை, பாராசிட்டமாலே பாதுகாப்பு.

#13 · வார்டு_செவிலி

முழங்கால், விரல் மூட்டு வலிக்கு ஏன் யாரும் ஜெல்லைச் சொல்லவில்லை? டைக்ளோஃபெனாக் ஜெல்லில் டைக்ளோஃபெனாக் டைஎத்திலமைன் 1.16% என்று போட்டிருக்கும், அது 1% டைக்ளோஃபெனாக் சோடியத்துக்குச் சமம். தடவியதில் இரத்தத்துக்குப் போவது மாத்திரையோடு ஒப்பிட்டால் 6 சதவீதம் அளவுதான். ஒரு முழங்காலுக்கு ஒரு தடவைக்கு 4 கிராம், நாளுக்கு அதிகபட்சம் 4 தடவை. விரல் நுனியில் ஒரு பொட்டு வைத்தால் வேலை செய்யாது. இடுப்பு மூட்டு ஆழத்தில் இருக்கிறது, அங்கே இதனால் பெரிய பயனில்லை. புண்பட்ட தோலில் வேண்டாம்.

#14 · பாமசி_மட்டக்களப்பு

இன்னொரு ஆபத்து: பெயரில்லாப் பைக்கற்றில, போத்தலில வாற "மூட்டுவலி மூலிகைத் தூள்". ரெண்டு நாளில முழங்கால் மடங்குது எண்டால் சந்தேகிக்கோணும். இப்படியான பல பொருட்களைப் பல நாடுகளில பரிசோதிச்சபோது உள்ளுக்க டெக்ஸாமெத்தசோன் எண்ட ஸ்டீராயிட்டும் டைக்ளோபெனாக்கும் இருந்தது. டாக்குத்தர் மேலே சொன்ன அந்த 15 மடங்குச் சேர்க்கையே அதுதான், அளவும் தெரியாமல். கன மாதம் குடிச்சவை அதைச் சடாரெண்டு விடவும் கூடாது, ஸ்டீராயிட் திடீரெண்டு நிண்டால் உடம்பு தாங்காது. மிச்சத் தூளையும் கையில கொண்டு மருத்துவரிட்டப் போகோணும்.

#15 · கேள்விக்குறி_மதுரை

கடைசியாக ஒன்று. ஒருவருக்கு வலி மாத்திரையால் புண் வந்து குணமாகிவிட்டது. முடக்குவாதம் (ருமட்டாய்டு மூட்டுவாதம்) இருக்கிறது, பாராசிட்டமாலில் அடங்கவில்லை. அவருக்கு வழியே இல்லையா?

#16 · குடல்நோக்கி

வழி இருக்கிறது, அவசரமில்லாமல் போக வேண்டும். முதலில் புண் உண்மையாகவே ஆறியதா? இரைப்பைப் புண்ணுக்கு 8 வாரம் அமிலக் குறைப்பு மருந்து கொடுத்து, மறுபடி எண்டோஸ்கோபி செய்து பார்க்க வேண்டும். ஆறாத புண்ணில் புற்றுநோய் ஒளிந்திருக்கலாம், அதனால் திசுப் பரிசோதனையும் சேரும்.

அடுத்தது ஹெலிகோபாக்டர் பைலோரி. நம் நாட்டில் மிகப் பரவலான கிருமி, அதுவும் வலி மாத்திரையும் சேர்ந்தால் புண் ஆபத்து தனித்தனியைவிட அதிகம். மூச்சுப் பரிசோதனை அல்லது மலப் பரிசோதனை. அதற்கு முன் பான்டாப்ரசோல் வகையை 2 வாரமும் ஆன்டிபயாடிக்கை 4 வாரமும் நிறுத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று வரும். புண் ஆறுவதற்கு முன் பான்டாப்ரசோலை நிறுத்தச் சொல்லவில்லை. அப்போது எண்டோஸ்கோபியிலேயே திசு எடுத்துப் பார்ப்போம். இருந்தால் ஒழித்து, ஒழிந்ததா என்று மறுபடி சோதித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டும் முடிந்தபின், முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் போன்ற அடிப்படை மருந்து சரியான அளவில் இருக்கிறதா என்று மூட்டு மருத்துவர் பார்க்க வேண்டும். அது சரியானால் வலி மாத்திரையின் தேவையே பல நேரம் சுருங்கிவிடும். அப்படியும் வேண்டுமென்றால், இதயம் நன்றாக இருப்பவருக்கு செலகாக்ஸிபும் அமிலக் குறைப்பு மருந்தும் சேர்த்துத்தான். 2007ல் ஹாங்காங்கில் இரத்தம் கசிந்து குணமானவர்களிடம் இதைச் சோதித்தார்கள். செலகாக்ஸிபை மட்டும் எடுத்த 136 பேரில் 12 பேருக்கு மறுபடி கசிந்தது, எசோமிப்ரசோலும் சேர்த்து எடுத்த 137 பேரில் ஒருவருக்கும் கசியவில்லை.

இந்தக் கவசம் முன்சிறுகுடலோடு நின்றுவிடும் என்பதை அவருக்குச் சொல்லியே கொடுக்க வேண்டும். அதற்குக் கீழே அமிலம் இல்லை, பான்டாப்ரசோலுக்கு அங்கே வேலையும் இல்லை. சிறுகுடல் புண் மெல்ல மெல்லக் கசிந்து இரத்தச்சோகையாகத்தான் வெளிப்படும். எனவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹீமோகுளோபினும், அதே இரத்தத்தில் கிரியாட்டினினும் பாருங்கள், வலி மாத்திரை சிறுநீரகத்தையும் விடாது. ஹீமோகுளோபின் 2 கிராம் இறங்கியிருந்து, மேல், கீழ் எண்டோஸ்கோபி இரண்டும் சுத்தமாக இருந்தால், அடுத்துத் தேட வேண்டிய இடம் சிறுகுடல்.

#17 · கேள்விக்குறி_மதுரை

நன்றி டாக்டர். மூச்சுப் பரிசோதனைக்கு முன் 2 வாரம், 4 வாரம் என்ற கணக்கு எந்தச் சோதனைக்கூடச் சீட்டிலும் தமிழில் பார்த்ததில்லை. இந்தப் பதிவை அச்செடுத்துக்கொள்கிறேன்.

#18 · மருந்தாளர்_திருச்சி

அந்த 2 வாரத்தில் எரிச்சல் தாங்கவில்லை என்றால் ஜெலுசில் வகையைப் போட்டுக்கொள்ளலாம், சோதனைக்கு முந்தின நாள் அதையும் நிறுத்திவிட்டு, குறைந்தது 6 மணி நேரம் வெறும் வயிற்றில் போகச் சொல்லுங்கள். அந்த 2 வாரமும் வலிக்குப் பாராசிட்டமால் மட்டும்.